பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் மகள்: சட்டப்படி எது கட்டாயம், எது நம் பொறுப்பு?

மடிப்பாக்கத்துத் தந்தை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்திருக்கிறது. இதுவரை மாநகரப் பேருந்தில் சென்று வந்தவள், இனி மடிப்பாக்கத்திலிருந்து ஆதம்பாக்கத்துக்குச் சைக்கிளிலேயே சென்று வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோ இரயில் பணிக்காக வைத்திருக்கும் தடுப்புகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே அவள் செல்வதை நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மைத்துனர், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் சைக்கிளிலும் தலைக்கவசம் அணிவது கட்டாயம் என்றும், காரோட்டிகள் சைக்கிளுக்கு மூன்றடி இடம் விட்டுத்தான் கடக்க வேண்டும் என்றும் உறுதியாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது, யாரும் எதுவும் கேட்க முடியாது என்கிறார். தோழியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் சென்றால் போக்குவரத்துக் காவலர் அபராதம் விதிப்பாரா, நெரிசலில் நடைபாதை மீது ஏறி ஓட்டினால் குற்றமா, எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பீடு இல்லாத இந்த வண்டியில் செல்லும்போது வேறொரு வாகனம் மோதிவிட்டால் இழப்பீடு கேட்க வழி உண்டா என்பவை என் கேள்விகள். தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிறுவழக்கு என்பவரின் பதில்:

ஐயா, தங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்தானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பெயருக்கேற்ப, இயந்திர விசையால் ஓடும் வாகனங்களை மட்டுமே ஆள்கிறது. 2(28)-ஆம் பிரிவில் மோட்டார் வாகனத்துக்குத் தரப்பட்டுள்ள வரையறைக்குள் காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் வராது. அதனால் ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் அதற்குத் தேவையில்லை. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் 129-ஆம் பிரிவும் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களைத்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படித் தங்கள் மகளுக்குத் தலைக்கவசம் இல்லாமைக்காகவோ டபுள்ஸ் செல்வதற்காகவோ அபராதச் சீட்டு கொடுக்க முடியாது.

ஏன் இப்படி என்றால், இதன் வேர் அரசமைப்பிலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணையில் இயந்திர விசை வாகனங்கள் பொதுப்பட்டியலின் 35-ஆவது பதிவிலும், இயந்திர விசை இல்லாத வாகனங்கள் மாநிலப் பட்டியலின் 13-ஆவது பதிவிலும் வைக்கப்பட்டுள்ளன. ஆக, சைக்கிளும் கைவண்டியும் மாட்டுவண்டியும் அடிப்படையில் மாநிலத்தின் பொறுப்பு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 138-ஆம் பிரிவில் (1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்து, பாதசாரிகளும் இயந்திர விசை இல்லாத வாகனங்களும் பொது இடங்களைப் பயன்படுத்துவதை முறைப்படுத்த மாநில அரசுகள் விதிகள் இயற்றலாம் என்று வெளிப்படையாகவே அதிகாரம் தந்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில், எல்லா மாநிலங்களும் இந்த உட்பிரிவின்படியும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு குறித்த 210டி பிரிவின்படியும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆகவே, சைக்கிளுக்கான சட்டம் என்று இனி யாராவது சொன்னால், அது தமிழ்நாடு அரசிதழில் வெளியாகும் விதியா, வெறும் வாய்வழிச் செய்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளியே இருப்பதால் சைக்கிளோட்டி எல்லாச் சட்டத்துக்கும் வெளியே இருக்கிறார் என்று பொருளில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் எந்த வாகனத்தையும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைத் தண்டிக்கிறது. அங்கே மோட்டார் என்ற சொல்லே இல்லை. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைபாதையில் வேகமாக ஓட்டி ஒரு முதியவரைத் தள்ளிவிட்டால், காயம் விளைவிப்பதற்கான 125-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். நடைபாதை நடப்பவர்களுக்கானது. மோட்டார் வாகனம் அதில் ஏறக் கூடாது என்று விதிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. சைக்கிளைப் பற்றி அவ்வளவு தெளிவாக இல்லை என்பதற்காக அது நமக்குத் திறந்துவிட்ட வழி ஆகிவிடாது. நெரிசலாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு செல்லட்டும். உருட்டிச் செல்பவரும் நடப்பவரே.

இழப்பீடு குறித்துக் கேட்டதுதான் மிக முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன். சைக்கிளுக்குக் காப்பீடு இல்லாதது ஒரு தடையே அல்ல. மோதிய வாகனத்துக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு, தங்கள் மகளைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இயங்குகிறது. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்திருப்பதால், மருத்துவமனைச் செலவுக்கான இரசீதுகளைச் சேர்க்கும் வேலையை முதல் நாளிலிருந்தே தொடங்குவது நல்லது. யார் தவறு என்று நிறுவ இயலாத நிலையிலும், 164-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாயும் கோர முடியும். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் தப்பிவிட்டால், உயிரிழப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் தனித் திட்டம் இருக்கிறது.

இங்கேதான் ஒரு நுட்பம். 166-ஆம் பிரிவு வழக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் தேடுவது சைக்கிளோட்டியின் பக்கம் இருந்த கவனக்குறைவைத்தான். இருட்டில் விளக்கில்லாமல் வந்தாரா, எதிர்த்திசையில் வந்தாரா, திடீரென வலப்புறம் திரும்பினாரா, சிவப்பு விளக்கைத் தாண்டினாரா என்று கேட்பார்கள். அவற்றில் ஏதேனும் நிறுவப்பட்டால், தீர்ப்பாயம் அந்தப் பங்குக்குரிய விழுக்காட்டை இழப்பீட்டுத் தொகையிலிருந்து குறைத்துவிடும். போக்குவரத்துக் காவலர் விதிக்காத அபராதத்தை நீதிமன்றம் பிற்பாடு பல மடங்காக விதிப்பது இப்படித்தான். காவலர் பிடிப்பாரா என்பதைவிட, நாளை நம் தரப்பில் சொல்ல ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே பெற்றோருக்கு அழகு.

சான் ஹோசே தமிழன் என்பவரின் பதில்:

கேட்டவரின் மைத்துனர் சொன்னவை கலிஃபோர்னியாவைப் பொறுத்தவரை சரியே. அங்கே பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சைக்கிளில் தலைக்கவசம் கட்டாயம். மூன்றடி இடைவெளி விதி 2014 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவிலேயே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க் மாநிலத்தில் தலைக்கவச வயது பதினான்குக்குக் கீழ். சில மாநிலங்களில் அத்தகைய சட்டமே இல்லை. ஐடஹோவில் நிறுத்தப் பலகை இருக்கும் சந்திப்பில் சைக்கிளோட்டி நிற்காமல், வேகத்தைக் குறைத்து, வழிவிட்டுச் செல்லலாம் என்று 1982 முதலே சட்டம் இருக்கிறது. இவற்றில் ஒன்றும் சென்னையில் செல்லாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் என்று யூடியூபில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே வண்டிகள் வலப்புறம் செல்லும். வலப்பக்கத்தை ஒட்டியே செல், இடப்பக்கம் திரும்பும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அவை சொல்லும். நம் ஊரில் எல்லாம் தலைகீழ். இடப்பக்கத்தை ஒட்டிச் செல்வதே முறை; போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டிய வலப்புறத் திருப்பம்தான் இங்கே ஆபத்தானது. பார்த்துப் பழகும் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதைப் போல மாற்றிக் கற்றுக்கொண்டால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. தங்கள் மகளுக்கு அத்தகைய படங்களைக் காட்டுவதாக இருந்தால் தாங்களும் உடன் அமர்ந்து பாருங்கள்.

விடியல் மிதி என்பவரின் பதில்:

சட்டத்தை விவரமறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தென் சென்னையில் அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்று வருபவன் என்ற முறையில், தாங்கள் சொன்ன அந்தச் சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் அறுபது விழுக்காடாவது அவர்களுக்குச் செலவிட வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. தியாகராய சாலையில் 2019-இல் அமைந்த நடைபாதை வளாகத்தைப் பார்க்கும்போது அந்தக் கொள்கை நினைவுக்கு வரும். மேடவாக்கம் பிரதான சாலையில் வராது. ஆகையால் முதல் ஆலோசனை, அந்தச் சாலையையே முடிந்த அளவு தவிர்த்துவிடுங்கள் என்பதுதான். புழுதிவாக்கம், வாணுவம்பேட்டைப் பக்கத்து உட்புறத் தெருக்கள் வழியாகச் சென்றால் சற்றுச் சுற்று கூடும், வேகத்தடைகளும் தெருநாய்களும் இருக்கும். ஆனாலும் பேருந்தும் டிப்பர் லாரியும் இராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாங்களும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு மகளுடன் அந்த வழியைச் சுற்றிப் பார்த்து, எங்கே பிரதான சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

பிரதான சாலையில் செல்ல வேண்டிய இடங்களில் அவள் அறிந்திருக்க வேண்டிய பெரிய ஆபத்து பின்னாலிருந்து வருவதைவிடப் பக்கத்தில் இருப்பதுதான். சிக்னலில் பேருந்தோ லாரியோ நின்றுகொண்டிருக்கும்போது அதற்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சைக்கிளுக்கென்றே விட்டுவைத்ததைப் போலத் தோன்றும். அந்த இடைவெளிக்குள் ஒருபோதும் நுழையக் கூடாது. நீண்ட வாகனம் இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்லாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்; ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரியவே தெரியாது. பேருந்துக்குப் பின்னால், ஓட்டுநரின் வலப்பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரியும் இடத்தில் நிற்கப் பழகட்டும். இதே காரணத்துக்காக, நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும் பேருந்தை இடப்புறமாக முந்துவதையும் விட்டுவிட வேண்டும். இறங்கும் பயணிகள் நேராக வண்டியின் முன் வந்து விழுவார்கள்.

மெட்ரோ தடுப்புகள் சாலையைக் குறுக்கும் இடங்களில், ஓரத்தில் ஒண்டிக்கொண்டு செல்வது பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். அங்கே ஓரத்தில் ஒண்டினால் பின்னால் வருபவர் அந்தச் சிறு இடைவெளியில் முந்தப் பார்ப்பார். கைப்பிடி தடுப்பில் உரசினால் விழுவது அவருடைய சக்கரத்தின் அடியில்தான். குறுகிய பகுதிக்குள் நுழையும் முன் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, அந்தத் துண்டை மட்டும் நடுவில் ஓட்டிக் கடந்து, பிறகு மீண்டும் இடப்பக்கம் ஒதுங்கிவிடலாம். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அதற்குத் துணிவில்லாத நாளில் இறங்கி உருட்டலாம். சாலையின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் மழை பட்டால் வழுக்கும். அவற்றின் மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. மழைநீர் வடிகாலின் கம்பி மூடிகளில் சில, கம்பிகள் சாலையின் போக்கிலேயே அமைந்தவை. சைக்கிளின் ஒல்லியான சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். நீர் தேங்கியிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் மூடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாத நீரில் வண்டியை இறக்குவதைவிட அன்று பேருந்தில் செல்வது மேல்.

அரசு தரும் வண்டியில் இரும்பு ரிம் இருந்தால், நனைந்த நிலையில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே செல்லும், வண்டி நிற்காது. மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள நீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் தூக்கியடிக்கும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நெடுந்தூரம் செல்லும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பின் சக்கரத்தில் சாரி கார்டு இல்லையென்றால் போட்டுவிடுங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மோட்டார் சைக்கிளுக்கான ஐ.எஸ். 4151 கவசத்தைப் போட்டுக்கொண்டு வெயிலில் மிதிக்க முடியாது. இரண்டே நாளில் அது வீட்டு ஆணியில் தொங்கும். மிதிவண்டிக்கென்றே காற்றோட்டத்துடன் வரும் கவசத்தில் ஈ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இடைவெளியில் முன்விளிம்பு நிற்க வேண்டும். பின்மண்டையில் தொப்பியைப் போலச் சாய்த்துப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு முறை அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

பழைய டைனமோ என்பவரின் பதில்:

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்பது அண்மைக்கால எண்ணம். எங்கள் காலத்தில் உள்ளாட்சிக்கு வரி கட்டி, அதற்கான சிறு தகட்டு வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். விளக்கில்லாமல் வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் காவலர் மடக்குவார். அபராதம் கட்டக் காசு இல்லாதவனின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவதும் உண்டு. அதற்குப் பயந்தே தெருமுனை வரை ஓட்டி, காவலரைக் கண்டதும் பின்னால் இருப்பவன் குதித்து இறங்குவான். அந்தக் கெடுபிடி போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து விளக்கும் போய்விட்டதுதான் கேடு. இன்று மாலை ஏழு மணிக்கு வேளச்சேரியில் நின்று பாருங்கள். விளக்குள்ள சைக்கிள் ஒன்று வந்தால் அதிசயம்.

டபுள்ஸ் குறித்துக் கேட்ட தந்தைக்கு: தோழியை ஏற்றிக்கொண்டு செல்வதை மகள் விட்டுவிடட்டும். கேரியரில் ஒருவர் உட்கார்ந்தால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும், பள்ளத்தில் இறங்கும்போது கைப்பிடி ஆடும், நிறுத்தும் தூரமும் கூடும். அந்த வயதில் இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடியல் மிதி அவர்கள் நடுவில் ஓட்டலாம் என்று எழுதியது எனக்கு உடன்பாடில்லை. பதினாறு வயதுப் பெண்ணை நடுச்சாலையில் ஓட்டச் சொல்வது பெரியவர்களின் துணிச்சலைக் குழந்தையின் தலையில் வைப்பதாகும். தடுப்புள்ள இடம் முழுவதும் உருட்டிக்கொண்டு செல்லட்டும். பத்து நிமிடம் முன்கூட்டியே வீட்டிலிருந்து கிளம்பினால் தீர்ந்தது.

மடிப்பாக்கத்துத் தந்தை:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உட்புறத் தெருக்கள் வழியாகச் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். தடுப்புள்ள சிறு பகுதியில் ஐயா சொன்னபடி உருட்டிச் செல்வாள். இன்னும் ஒன்று. எங்கள் பகுதிக் கடையொன்றில், இதே சைக்கிளில் மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தித் தருவதாகவும், அதற்கு உரிமமோ பதிவோ தேவையில்லை என்றும் சொல்கிறார்கள். வெயில் காலத்தில் மகளுக்கு உதவியாக இருக்குமே என்று தோன்றுகிறது. அதைச் செய்யலாமா?

செயின் கவர் என்பவரின் பதில்:

ஐயா, நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அத்தகைய மோட்டார்களையும் விற்கிறேன். ஆகவே விற்பனைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உரிமம் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்வது ஒரு குறிப்பிட்ட வகைக்கு மட்டுமே பொருந்தும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 2(யு) விதியின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன், 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வண்டியின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி தானாகவே நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டரும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும். இவை அனைத்தையும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்று தந்திருந்தால்தான் அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. கடையில் கழற்றி மாட்டும் மோட்டாருக்கு, அது பொருத்தப்பட்ட வண்டியோடு சேர்த்து அத்தகைய சான்று கிடைப்பதில்லை. அதிலும் 350 வாட் மோட்டாரும், மிதிக்காமலே கைப்பிடியைத் திருகி ஓட்டும் வசதியும்தான் வாடிக்கையாளர்கள் கேட்பவை.

அவற்றைப் பொருத்திய நொடியில் சைக்கிள் சட்டத்தின் பார்வையில் பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. ஓட்டுவதோ உரிமம் இல்லாத சிறுமி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காமலும் போகலாம். இது ஒருபுறம் இருக்கட்டும்; சாதாரணச் சைக்கிளின் ஃபோர்க்கும் பிரேக்கும் மிதிக்கும் வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. பேட்டரியோடு கூடுதல் எடையையும் வேகத்தையும் ஏற்றினால் முதலில் தோற்பது பிரேக்தான். மின்சைக்கிள் வேண்டுமென்றால் சான்றோடு வரும் முழு வண்டியாக, மகள் கல்லூரிக்குச் செல்லும்போது வாங்கிக் கொடுங்கள். இப்போதைக்கு அந்தப் பணத்தில் நல்ல தரமான பிரேக் கட்டைகளும், யூ.எஸ்.பி.யில் மின்னேற்றம் செய்துகொள்ளும் முன்விளக்கும் பின்விளக்கும் வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம்.

ரிஃப்ளெக்டர் குறித்து ஒரு சொல். புதிய சைக்கிள்களில் வரும் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் பிறப்பித்தது. தங்கள் வண்டியில் முன்னும் பின்னும், சக்கரக் கம்பிகளிலும், மிதிகட்டைகளிலும் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்திருந்தால் மாற்றிக்கொள்வது மிகச் சிறிய செலவு. மிதிகட்டையில் உள்ளதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது மேலும் கீழுமாக அசைவதால், பின்னால் வருபவருக்கு முன்னே செல்வது சைக்கிள் என்று உடனே விளங்கிவிடும். ஆனால் ரிஃப்ளெக்டர் தானாக ஒளிராது. பக்கத்துச் சந்திலிருந்து வரும் ஆட்டோவின் விளக்கு அதன்மேல் விழும்போது நேரம் கடந்திருக்கும். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் நாட்களில் விளக்கு எரிய வேண்டும்.

மடிப்பாக்கத்துத் தந்தை:

மோட்டார் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். விளக்குகள் வாங்கியாகிவிட்டது. கடைசியாக, சிறுவழக்கு ஐயாவுக்கு ஒரு கேள்வி. நேரக் கூடாது, ஒருவேளை விபத்து நேர்ந்துவிட்டால், அந்த நேரத்தில் உடனடியாகச் செய்ய வேண்டியவை என்ன? பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவோம் என்று அஞ்சுகிறேன்.

சிறுவழக்கு என்பவரின் பதில்:

முதலில் மருத்துவம், பிறகுதான் மற்றவை. 108-ஐ அழைக்கலாம். சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றித் தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. சைக்கிளில் சென்றவருக்கும் அது பொருந்தும். அருகில் இருந்த யாரேனும் மருத்துவமனையில் சேர்த்தால், அவரை வழக்கில் இழுப்பார்கள் என்று அஞ்சத் தேவையில்லை; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தங்கள் கைப்பேசி எண்ணையும் மகளின் இரத்த வகையையும் எழுதிய அட்டையொன்று பள்ளிப்பையின் வெளி உறையில் இருக்கட்டும்.

மருத்துவமனையில், காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்கும்போது, சாலையில் வாகனம் மோதியது என்பதைத் தெளிவாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அது எழுதப்படுகிறதா என்று பாருங்கள். சைக்கிளிலிருந்து தானாக விழுந்ததாக அங்கே எழுதிவிட்டால், பின்னர் தீர்ப்பாயத்தில் அந்த ஒரு வரியை வைத்தே காப்பீட்டு நிறுவனத்தார் வாதிடுவார்கள். மோதிய வாகனத்தின் எண்ணை யார் பார்த்தார்கள், அருகிலுள்ள கடைகளில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று அன்றே விசாரியுங்கள். பல கடைகளில் பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். அந்த இடம் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறதோ அங்கே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். ஓட்டுநர் நேரில் வந்து மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்கிறேன், வழக்கு வேண்டாம் என்று சொன்னால், சிறு சிராய்ப்பு என்றால் தங்கள் விருப்பம். எலும்பு முறிவோ தலைக்காயமோ இருந்தால் அதற்கு இணங்க வேண்டாம், ஏனெனில் பின்விளைவுகள் பல மாதங்கள் கழித்தும் வெளிப்படும்.

வளைந்துபோன சைக்கிளைப் பெரும்பாலோர் மறுநாளே கடையில் விட்டுச் சரி செய்துவிடுகிறார்கள், அல்லது பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பக்கம் அடி விழுந்தது, விளக்கு இருந்ததா, ரிஃப்ளெக்டர் இருந்ததா என்பதற்கெல்லாம் அந்த வண்டியே சாட்சி. காவல் துறையினர் பார்வையிட்டு, எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுக்கப்படும் வரை அதைத் தொடாமல் வையுங்கள். உடைந்த தலைக்கவசத்தையும் எறிய வேண்டாம்.